பாலம் திரும்பும் நேரம்

அண்ணியின் காலணி எனக்கு அரை அளவு பெரிது.
முனையில் நாளிதழைக் கசக்கித் திணித்துக்கொண்டு
லானூஸில் ரயில் ஏறினேன்.
பன்னிரண்டு மணிக்கு நேர்காணல்.
பத்துக்கே வந்துவிட்டேன்
புவெர்த்தோ மதேரோவுக்கு.

கோதுமை மூட்டை அடுக்கிய கிடங்குகள்.
செங்கல் அப்படியே இருக்கிறது,
உள்ளே வழக்கறிஞர்கள்.
கரையோரம் பழைய பாரந்தூக்கிகளுக்கு
மஞ்சள் பூசி நிறுத்தியிருக்கிறார்கள்.
எதையும் தூக்க வேண்டாம்,
சும்மா நின்றால் போதும்.
அந்த வேலை கொடுத்தாலும்
நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

இங்கே தெருவுக்கெல்லாம் பெண்களின் பெயர்.
மூலைக்கு மூலை ஒருத்தியை வாசித்துக்கொண்டே நடந்தேன்.
பலகைகளுக்குக் கீழே அந்நேரம் பெண் என்று
நானும்,
யார் யார் வீட்டு நாய்களோ ஏழை
ஒரே கையில் பிடித்து
இழுபட்டுப் போன ஒரு சின்னப் பெண்ணும்.

பதினொன்று நாற்பதுக்கு மணி அடித்தது.
பாலத்தின் இரு முனையிலும் சங்கிலி போட்டார்கள்.
தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல
பாலம் மெல்லத் திரும்பியது.
கப்பல் வரும் என்று பார்த்தால்
கட்டில் அகலத்தில் ஒரு பாய்மரப் படகு.
அதில் சட்டை போடாத ஒருவர்,
கையில் மாத்தே குவளை.

கோட்டு போட்ட முப்பது பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
கடிகாரம் இல்லாத நானும்
மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன்.
அவர் உறிஞ்சினார். வெந்நீர் ஊற்றினார். மறுபடி உறிஞ்சினார்.
ஒரு வங்கியின் நடுப்பகலே
அவருக்காகத் தள்ளிப்போனது.
தாண்டும்போது எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.
ஒருவரும் பதிலுக்கு அசைக்கவில்லை.
நான் பாதி தூக்கி
தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

மின்தூக்கிக்குள் பொத்தானே கிடையாது.
போகும் மாடியை வெளியிலேயே சொல்லிவிட வேண்டுமாம்.
தெரியாமல் ஏறி
அடுத்தவர்களின் மாடிகளுக்கு இரண்டு தடவை போய்வந்தேன்.

பத்தொன்பதாம் மாடியில் ஐலென் என்றொரு பெண்,
என்னைவிட இருபது வயது சின்னவள்,
தாமதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
அது இன்னும் பயமாக இருந்தது.
“ஐந்து வருஷம் கழித்து
உங்களை எங்கே பார்க்கிறீர்கள், நெலிதா?”

அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி.
கண்ணாடிக்குப் பின்னால்
வெள்ளி நதி என்று பேர் வாங்கிய நதி,
பால் விட்ட காப்பி நிறத்தில்.
இடையில் நாணல்காடு,
அதன் ஓரத்தில் எங்கிருந்தோ ஒரு கோடு புகை.
“கீழே” என்றேன்.
விளக்கவில்லை.
எழுதிக்கொண்டாள்.

புகையைத் தேடிக்கொண்டு போனேன்.
சோரிபான் வண்டி.
கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு
முட்டி அகட்டி, குனிந்து,
சாறு நிலத்தில் சொட்டும்படி
தின்றுகொண்டிருந்தார்கள்,
பாலத்தருகே மணிக்கட்டைப் பார்த்த அதே ஆட்கள்.
பஸ் காசைத் தனியே எடுத்துவைத்துவிட்டு
நானும் ஒன்று வாங்கினேன்.
பக்கத்திலிருந்தவர் காகிதம் இருக்கிறதா என்றார்,
வாய் நிறைய ரொட்டியோடு.
இருந்ததில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன்.
எந்த மாடி என்று அவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் காலணியைக் கழற்றி
நாளிதழை மடியில் வைத்து நீவினேன்.
போன வியாழக்கிழமை டாலர் விலை.
வியர்வையில் கடைசி எண் கரைந்திருந்தது.
அது எப்படியும்
வெள்ளிக்கிழமையே தப்பாகியிருக்கும்.

அவெஷனேதாவில் நிறையப் பேர் இறங்கினார்கள்.
எனக்கு இன்னும் இரண்டு நிலையம்.
மறுபடி கசக்கித்
திணித்தேன்.