பத்துக்கு ஆறு

அளவு பத்துக்கு ஆறு.
மண்டபத்தில் எங்கள் பிளக்ஸ் கடையில்
காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி
எல்லாம் ஒரே மெஷினில்தான் இறங்கும்.
அன்றைக்கு வந்த ஃபைலில்
சிரிக்கிற பெண் ஒருத்தி, இரண்டு உள்ளங்கை,
நடுவில் மாதுளை நிறத்தில் இதயம்.
'மண்ணுக்குப் போவதை மனிதருக்குக் கொடுங்கள்.'
ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. திருத்தினேன்.
அதற்குமேல் எதையும் வாசிக்கவில்லை.

பாம்பன் பாலத்து முனையில் கட்டினோம்.
கம்பியை முறுக்கிக்கொண்டே கார்மேகம் சொன்னான்:
"என் ஈரலை வாங்குறவன்
சாயங்காலம் ஆறு மணியானா
தானா டாஸ்மாக் பக்கம் நடப்பான்டா."
அன்வர்தீன் தன் கிட்னிக்கு இஎம்ஐ கேட்டான்.
ஜெஸ்டன் மட்டும் சிரிக்காமல்
"கண்ணக் குடுத்துட்டா அந்தப் பக்கம் எப்படிப் பாக்குறது" என்றான்.
பிறகு அவனும் சிரித்தான்.
படத்துப் பெண்
எங்கள் யாருக்கும் சொந்தக்காரி மாதிரி இல்லை.
உப்புக்காற்று ஒருநாளும் பட்டிராத தோல்.

ராமநாதபுரத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிற மெர்வினா
பேருந்துக்கு நின்றபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
"கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க.
அந்த நேரத்துல வீட்டுலதான் கேப்பாங்க.
வீட்டுக்காரங்களுக்கு வாய் வராது.
இப்பவே சொல்லி வைக்கணும்.
போர்டுல அதப் போடல பாருங்க."
பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.
கார்மேகம் மிச்சக் கம்பியை நறுக்கினான்.

ஐப்பசி வாடையில் போர்டு கிழிந்தது.
தொங்கிய பாதியை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
எங்கள் ஊரில் பிளக்ஸ் வீணாகாது:
எஞ்சினுக்குப் போர்வை, ஆட்டுக்குக் கூரை,
கருவாட்டுக்குப் பாய்.
தை வெயிலில் தெற்குவாடி மணலில் விரித்து
அம்மா சூடை காயப்போட்டாள்.
இதயத்தின்மேல் நாற்பது ஐம்பது மீன், வாய் திறந்து.
காக்கை இறங்கினால்
கம்பால் அந்தப் பெண்ணின் நெற்றியில் தட்டுவாள்.

'மண்ணுக்குப் போவதை' வரைக்கும் இருந்தது.
மிச்சம் காற்றோடு போயிற்று.

அப்பா மண்ணுக்குப் போகவில்லை.
பதினொரு வருஷம். வள்ளம் மட்டும் வந்தது,
அதில் ஒற்றைச் செருப்பும் நனைந்த பீடிக்கட்டும்.
கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு தோட்டத்துக்குப் போக
அம்மா கரையில் நின்று கொளுத்துவாள்.
காற்று அணைக்கும்.
மறுபடி கொளுத்துவாள்.
ஒரு உடம்பு கிடைக்காமலே போனவளிடம்
இன்னொன்றைப் பங்கு போடச் சொல்வது எப்படி?

போனில் படிவம் மூன்று நாள் திறந்தே கிடந்தது.
இதயம், ஈரல், கிட்னி, தோல்.
தோல்கூடவா என்று முழங்கையைத் தடவிப் பார்த்தேன்.
டிக் அடித்துக்கொண்டே வந்து
கண்ணை மட்டும் விட்டுவிட்டேன்.
ஏனென்று கேட்டால் ஜெஸ்டனைத்தான் காட்டுவேன்.

நான்காம் நாள், மீன் திருப்புகிற நேரத்தில்
பக்கத்தில் போய்க் குந்தினேன்.
"அம்மா, எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா..."
வாயிலேயே அடித்திருப்பாள், கையில் மீன் இருந்தது.
சொன்னதையெல்லாம் கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.
ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தவள்
மாதுளை நிறம் வந்த இடத்தில் நின்றாள்.
"இது நீ அடிச்சதா?"
"ஆமா."
"சாயம் மீன்ல ஒட்டுது."

அடுத்த வரிசையும் முடிந்த பிறகு,
நிமிராமல்,
"கண்ணும் எழுதுனியா?"