புறங்கை

வால்பராய்சோ குன்றுகளில்
முப்பது கோடை தீயணைத்தவர் எவுலோகியோ.
பக்கவாதம் வந்து இது ஏழாம் மாதம்.
கால் தேறிவிட்டது. நாக்கும்.
சன்னலோரம் சூப் ஆறி
ஏடு படிகிறது.

பிடிவாதம் என்றாள் நெலிடா,
ஏப்ரல் முழுக்க.

இன்று மருத்துவர்
ரத்தச் சீட்டில் ஓர் எண்ணை வட்டமிட்டார்:
அடைப்பு போய்விட்டது, சென்யோரா.
அழற்சி போகவில்லை.
மனம் எழாததற்கு
அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவளுக்குத் தெரியும் அது.
அணைத்துவிட்டு வந்த மலையில்
யூகலிப்டஸ் வேர் பிடித்து
மண்ணுக்கடியில் நாட்கணக்கில் நடக்கும் கங்கு.
அதற்காகவே விடியுமுன்
மறுபடி ஏறிப்போவார்.

பேருந்தில்
அவர் நெற்றியில் உள்ளங்கை வைத்தாள்.

அவர் அதை எடுத்து
மெல்லத் திருப்பி வைத்தார்.

உள்ளங்கைக்குத் தெரியாது என்றார்.

இறங்கவேண்டிய நிறுத்தம்
எப்போதோ தாண்டிவிட்டது.