சோதனைக்கு வராது

மூன்றாம் வருடம். பேர்ண். நவம்பர் மாதத்து வியாழன்.
நூற்றிப் பதினாலாவது படம் திரையில் வந்தபோது
பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"மிக அரிது. சோதனைக்கு வராது."
தாண்டிப் போனார்.
நானும் கொப்பியில் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
நல்ல நேரான கோடு.

அப்போதே அது என் தொடைக்குள்
ஒரு பயறு அளவில் இருந்திருக்கும்.
பிறகு வீங்கியபோது
உதைபந்தில் பட்ட அடி என்று
இரண்டு மாதம் ஐஸ் வைத்தேன்.

பெயர் நீளம், நாலு சொல்.
அதில் ஒன்றுக்கு 'மென்மை' என்று அர்த்தம்.
தமிழில் என்னவென்று அம்மா கேட்டாள்.
தேடினேன், இல்லை.
ஓல்ரனிலிருந்து பெரியம்மா எடுத்தால்
"காலில ஒரு சின்னக் கட்டி" என்றுவிட்டு
அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.
அடுப்பில் ஒன்றும் இருக்காது.

இன்று காலை என் கட்டிலைச் சுற்றி ஏழு பேர்,
மடிப்புக் கலையாத வெள்ளை அங்கிகள்.
அதில் ரேத்தோவும்.
என் எலும்புப் பெட்டி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.
"நோயாளர், ஆண், இருபத்துமூன்று வயது,
ஹெர் திரு... திருநா..."
நாலு வருடமாக என்னை விது என்றே கூப்பிட்டவன்
என் அப்பாவின் பெயரில் தடுக்கி விழுந்தான்.
தொடையில் வைத்த கை ஆற்றுக்கல்போலக் குளிர்ந்தது.
"முதலில் கையைச் சூடாக்கு, அதற்கும் புள்ளி உண்டு."
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அவனைத் தவிர.

மத்தியானம் டொக்டர் ஃப்ராய் ஓர் எண் சொன்னார்.
பாதிப் பேர் அதற்கு இந்தப் பக்கம்,
பாதிப் பேர் அந்தப் பக்கம்.
அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன்:
"மருந்து பிடிக்குதாம். கன காலம் இருக்காம்."
தலையாட்டினாள்.
பதினெட்டு வருடம் முதியோர் இல்லத்தில்
இரவு வேலை செய்தவள்,
எத்தனையோ பேரின் கடைசி ஜெர்மன் வார்த்தையைக்
கேட்டவள்.
லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் சொன்னாள்:
"உனக்கு மொழிபெயர்க்கத் தெரியாது தம்பி."
மூன்று மாடி. வேறொன்றும் பேசவில்லை.
என் சேர்ட்டுப் பொத்தான் ஒன்றைப் பூட்டிவிட்டாள்,
அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மருந்தியல் சோதனை.
வலக்கையில் சலைன் ஏறுகிறது,
இடக்கையால் எழுதிப் பழகுகிறேன்.
பழைய கொப்பியில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது.
கீழே இடமில்லை.
ஓரத்தில், குழந்தை எழுத்தில், எழுதிவைக்கிறேன்
ரேத்தோ பெட்டியைத் திருப்பித் தர வரும்போது
காட்டுவதற்கு:

தொட்டுப் பார்க்க வழுவழுப்பு.
எல்லை தெளிவில்லை.
முதலில் வலிக்காது.