மூன்றாம் மாடி ஆந்தை

போரா வீசும் நாளில் திரியெஸ்தேயில்
குடை விரிப்பவர் வெளியூர்க்காரர்.
நாங்கள் சுவரைத் தடவித் தடவி நடப்போம்.
அப்படி நடந்துதான்
லிவியோவின் கடைக்குள் விழுந்தேன்.
காற்றே கதவைத் திறந்தது, காற்றே சாத்தியது.

சின்னக் கண்ணாடிக் குவளையில் காபி,
மேலே விரற்கடை நுரை.
பதினொன்றரைக்குள் வீட்டுக்காரிக்கு
முன்பணம் அனுப்பியாக வேண்டும்.
போனை எடுத்தால்
மூலையில் மூன்று வளைவும்
ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன.
நான் எதையும் தொடவில்லை.
கடையின் பெயராக இருக்கும் என்று பார்த்தேன்.

மூன்றாம்மாடிஆந்தை.

குவளையைக் கீழே வைக்க மறந்து
கடை முழுவதும் தேடினேன்.
தார்கோ வந்திருக்கிறானா?

இரண்டே பேர் சேர்ந்து வைத்த பெயர் அது.
ரியேக்காவில், குடிபோன முதல் இரவு,
கட்டில் வந்து சேராமல்
அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தோம்.
எதிர்க் கூரையில் ஏதோ கத்திக்கொண்டே இருந்தது.
ஆந்தை என்றேன். புறா என்றான்.
அன்றைக்கு நான் ஜெயித்தேன்.
கடவுச்சொல் வைக்கவில்லை.
மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி,
யார் வந்து திருடப் போகிறார்கள் என்று
திறந்தே விட்டோம்.
திருட்டுப் போனது வேறு.

ரியேக்கா இங்கிருந்து இரண்டு எல்லை தள்ளி.
எந்த அலையும் அவ்வளவு தூரம் வராது.
கடையில் ஆறு பேர்.
யாரும் தார்கோ இல்லை.

லிவியோவிடம் காட்டினேன்.
ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து,
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான்.
"இது எங்களுடையது இல்லை.
எங்களுடையதற்கு ரசீதின் அடியில் பன்னிரண்டு எழுத்து.
உன் போன் பழசு, நீவெஸ்.
பழைய போன் போகிற இடமெல்லாம்
தெரிந்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.
நமக்குத்தான் கேட்காது.
கேட்கிற எவனாவது
ஆமாம், நான்தான் என்றால் போதும்."
சொல்லிவிட்டு
பால் பொங்குகிறது என்று ஓடினான்.

ஆமாம், நான்தான்.

நான்கு வருஷமாக நான் வாய்விட்டுச் சொல்லாத பெயரை
பைக்குள் கிடந்த இது
ரயிலில், பல் டாக்டரிடம், மீன் கடை வரிசையில்
விடாமல் கூவியிருக்கிறது.
இன்று யாரோ பதில் சொல்லியிருக்கிறான்.
இரக்கத்தில் இல்லை, பசியில்.

உடனே அணைத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
ஒரு நிமிஷம் வைத்திருந்தேன்.
மூன்று வளைவும் நிறைந்து,
வீட்டில் இருப்பதுபோல்.

ஆறு பேரில் எவரும் நிமிரவில்லை.
நிமிராததிலிருந்து என்ன தெரியும்?
ஒருவன் சர்க்கரைப் பொட்டலத்தை
மடித்து மடித்துத் தபால்தலை ஆக்கினான்.
ஒருத்தி மடிக்கணினியின் பின்னால்
மூக்கைச் சிந்தினாள்.

வை-ஃபையை அணைத்தேன்.
முன்பணத்தை என் சொந்த டேட்டாவில் அனுப்பினேன்.
கொசுவலையில் வடிகிற தேன் மாதிரி
போயிற்று, ஆனால் போயிற்று.

பிறகு பட்டியலைத் திறந்தேன்.
தெரிந்த நெட்வொர்க்குகள்: முப்பத்தெட்டு.
லியூப்லியானா பேருந்து நிலையம்.
ஒரு படகு.
எனக்குப் பெயர் மறந்துபோன விடுதி,
இதற்கு மறக்கவில்லை.
மகப்பேறு வார்டு, பார்வையாளர் அறை.
அதை அதிக நேரம் பார்க்கவில்லை.
ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பில்
ஒரே சொல்: மறந்துவிடு.
முப்பத்தேழு முறை தொட்டேன்.
இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது.

ஆந்தையில் விரல் நின்றது.
இந்த நெட்வொர்க்கை மறக்கவா?
இனி இது தானாகச் சேராது.
தானாக என்பதை இரண்டு முறை படித்தேன்.
புறாவாகவே இருந்திருக்கலாம்.
தொட்டேன்.

ரசீதைத் திருப்பி
பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தேன்.
எட்டாவதில் தவறி, மறுபடி முதலிலிருந்து.
பார்க்க வேண்டியது வானிலை மட்டும்.
அதற்கு இது போதும்.

வெளியே ஒரு தொப்பி
சாலையின் குறுக்கே உருண்டு போனது.
கூப்பிட்டால் நின்றுவிடும் என்பதுபோல்
கத்திக்கொண்டே பின்னால் ஓடினான் ஒருவன்.