பொருள்: பத்து பத்துக்கு ஒரு பஸ்

கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில்
திங்கட்கிழமைதோறும் மனு எழுதுகிறேன்.
கையெழுத்துக்கு ஐம்பது, டைப் அடித்தால் எண்பது.
பட்டா, முதியோர் பணம், கிணற்றுத் தகராறு,
எதுவானாலும் ஒரே முடிவுதான் வைத்திருக்கிறேன்:
‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

ஏகவல்லி வந்தது நான்காவது முறை.
சிப்காட்டில் மருந்து கம்பெனி, பேக்கிங் வேலை.
இரண்டாம் ஷிஃப்ட் விடுவது பத்து மணிக்கு.
கடைசி டவுன் பஸ் ஒன்பது ஐம்பதுக்கே போய்விடும்.
‘இருவது நிமிஷம் தள்ளி விடுங்கன்னு கேக்குறேன் சார்,
ஏரோப்ளேனா கேக்குறேன்?
கம்பெனியக் கேட்டா கவர்மென்ட்டுங்கிறான்.
டிப்போவுல கேட்டா மேலிடம்ங்கிறான்.
மேலிடம்னா எந்த ஸ்டாப்பிங் சார்?’

புருஷனைப் பற்றி இரண்டு வரி சேர்க்கலாமே என்றேன்.
போன ஐப்பசி அடைமழையில், அதே சாலையில்,
அவளைக் கூட்டிப்போக வந்து நின்றவன்.
வேண்டாம் என்றாள்.
‘அத எழுதினா நஷ்டஈடு ஃபைல்ல போட்ருவாங்க.
இது பஸ் ஃபைல்லயே இருக்கட்டும்.’

பார்க்காத இடத்தை எழுத எனக்கு வராது.
அன்றிரவு குடிகாடு தாண்டிப் போய் நின்றேன்.
காற்றில் பழுத்த முட்டைகோஸ் வாடை.
நாலு வழிச் சாலை,
நடந்து போகிறவருக்கு ஒரு வழியும் இல்லை.
கேட் இந்தப் பக்கம், ஸ்டாப்பிங் அந்தப் பக்கம்,
நடுவே இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் தடுப்பு.
அதில் ஓரிடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது,
புடவைகள் உரசி உரசி.
கம்பம் உண்டு. விளக்கு டெண்டரில் உண்டு.

பதினோரு பெண்கள்.
முதலில் பைகள் தடுப்பைத் தாண்டின, பிறகு செருப்புகள்,
பிறகு ஒருத்தி மேலே ஏறி மற்றவர்க்குக் கை கொடுத்தாள்.
கன்டெய்னர் ஒன்று ஹாரனை மட்டும் அழுத்தியது.
பத்தரைக்கு ஓர் எக்ஸ்பிரஸ் வரும்,
டிரைவருக்கு மனசு நன்றாக இருந்தால் நிற்கும்.

கடைசியாகக் குதித்தவள் ஏகவல்லி.
மூச்சு வாங்கிக்கொண்டே எண்ணினாள்:
பன்னெண்டு, என்னையும் சேர்த்து.
தினமும் எண்ணுவார்களாம்.

அடுத்த திங்கள் நான் அடித்துக் கொடுத்தது:

‘ஐயா,
பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்றது அரசு.
நல்லது, நன்றி.
பஸ்ஸும் வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.
சாலைக்குக் கோடிகளில் கணக்கு எழுதுகிறீர்கள்.
நாங்கள் கடக்க வேண்டியது முப்பத்திரண்டு மீட்டர்.
அதற்கு வெள்ளைக் கோடு, சிவப்பு விளக்கு,
லாரி தன் வேகத்தை நினைத்துப் பார்க்க ஒரு மேடு,
பத்து பத்துக்கு ஒரு வண்டி.
எங்கள் ஸ்டாப்பிங்குக்கு மட்டும் செய்து
போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.
ஷிஃப்ட் விடுகிற கேட் எல்லாவற்றுக்கும்
பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றுக்கும்
மாநிலம் முழுக்கச் செல்லும்படி
சட்டமாகவே எழுதுங்கள்.
ஆள் செத்த பிறகு போடுகிற வேகத்தடையை
எங்கள் பக்கம் சமாதி என்றுதான் சொல்கிறோம்.’

பழக்கத்தில் விரல் ‘தாழ்மையுடன்’ வரை போய்விட்டது.
அழித்தேன்.
அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
‘என்ன சார், எதையோ எடுத்துட்டீங்க?’
இடம் பத்தல என்றேன்.

ரசீது கொடுத்தார்கள்.
பழைய மூன்றோடு சேர்த்து
சில்லறைப் பர்ஸில் மடித்து வைத்தாள்.
எண்பது ரூபாயை நான் வாங்கவில்லை,
டீ வாங்கித் தருகிறேன் என்றாள்.

டீக்கடை எதிர்ப்புறம்.
மனு வாங்குகிற வாசலுக்கு முன்னாலும்
கோடு இல்லை, விளக்கு இல்லை.
ஏகவல்லி உள்ளங்கையை நீட்டியபடி இறங்கினாள்.
அரசு ஜீப் நிற்கவில்லை.
அதன் பின்னால் டிவிஎஸ்ஸில் வந்த பால்காரர்
காலை ஊன்றி, ‘போங்க போங்க’ என்றார்.

அந்தப் பக்கம் சேர்ந்ததும்
என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:
ரெண்டு.