தவளைக் கடை

இந்த ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறு கண்ணில் படாது. இருந்த ஆறுகளை
ஆலைகள் வந்த காலத்தில்
தெருவுக்கடியில் குழாய்க்குள் தள்ளிவிட்டார்களாம்.
தண்ணீரில்லாத படகு வூச்,
அதில் தெருவுக்கு இரண்டு தவளை.

டிராம் வளையும் முனையில் இருப்பது என் கடை.
பலகையில் பச்சை எழுத்தில் ஜப்கா:
குட்டித் தவளை.
பலகையில் இருப்பதை யார் சொல்கிறார்கள்?

சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு
பீருக்கு வருகிறவர்களுக்கு அது தவளை,
வெறும் தவளை.
குட்டி என்று கொஞ்ச அவர்களுக்குக் கூச்சம்.
இரண்டாம் மாடி ரொக்ஸானாவின் பிள்ளைகளுக்குத்
தவளைச் செல்லம்; கையில் காசிருந்தால்
செல்லத்துக்கு இன்னொரு செல்லம்.
க்சவேரி, உயிரியலில் இரண்டு முறை தோற்றவன்,
"இருவாழ்விக்குப் போறேன், யாருக்கு என்ன வேணும்?" என்று
போனில் கத்திக்கொண்டே நுழைவான்.
அந்தப் பாடத்திலிருந்து
அவன் மீட்டுக்கொண்டு வந்தது அந்த ஒரு சொல்.

இருவாழ்வி.
சீருடை மாட்டும்போது சில காலைகளில்
அது என்னைச் சொன்னதுபோல் இருக்கும்.

நான் ஒதார்க்கா, பொல்த்தாவாக்காரி.
எங்கள் மொழியிலும் ஜாபா உண்டு,
ஆனால் அது தேரை.
காசை எடுக்க மனம் வராதவனைத்
தேரை கழுத்தை நெரிக்கிறது என்போம்.
"எங்கே இருக்கே?" என்பாள் அம்மா, போனில்.
"தேரையில."
"அதான் நெரிக்குது.
இந்தக் குளிருக்கும் ஒரு கோட்டு வாங்கல நீ."

இங்கே ஆண்கள் மனைவியையும்
குட்டித் தவளை என்பார்கள்.
வேலையில் சேர்க்கும்போது
சிகரெட் விற்கும் வயதைச் சொன்னார்கள்,
இதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு,
பெரிய கடைகள் எல்லாம் அடைத்திருந்தன.
ரொட்டி அடுக்கைப் பார்த்தபடி லுத்விக் கேட்டார்:
"குட்டித் தவளையே, வெள்ளையா, கறுப்பா?"
கடையைக் கேட்கிறார் என்று நினைத்துக்
கடையின் சார்பில் பதில் சொன்னேன்:
"கறுப்பு தீர்ந்துபோச்சு."
குல்லாவுக்கடியில் இருந்த போனை
அவர் அப்போதுதான் சரிசெய்தார்.
"கடையே பேசுது. தீர்ந்துபோச்சாம்."
அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தாள்.
சாசேஜ் உருளும் இரைச்சலைத் தாண்டி
அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

பிறகு ஞாயிறுதோறும் அதே நாடகம்.
கறுப்பு இருக்கிற நாளிலும்
தீர்ந்துவிட்டது என்பேன் முதலில்.
அவளை நான் பார்த்ததில்லை.

நவம்பரிலிருந்து அவர் போன் பேசுவதில்லை.
கைக்கு வந்த ரொட்டியை எடுக்கிறார்.
நிறுத்தத்தில் யாரோ வழி கேட்டபோது
"அந்த... விளக்கு எரியுதே,
அதுக்கு அடுத்த வாசல்" என்றாராம்.
இந்தத் தெருவில் என் கடைக்குப் பெயரே சொல்லாதவர்
அவர் ஒருவர்.

போன ஞாயிறு பனி.
வெள்ளை ரொட்டி, தீப்பெட்டி.
ரசீது வேண்டாம் என்று வாசல்வரை போனவர்
பழக்கத்தில் சொல்லிவிட்டார்:
"வரேன், குட்டித் தவளையே."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.
கதவுக்கு ஒன்றும் புரியவில்லை.
திறந்தது, மணியடித்தது, மூடப் போனது,
மறுபடி திறந்தது.
கடையைச் சொன்னாரா, என்னையா என்று
நான் கேட்கவில்லை.
வரிசையில் க்சவேரி
எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு
சூயிங்கம் விலையைப் படிக்க ஆரம்பித்தான்.

"கறுப்பு இருக்கு" என்றேன்.
"இன்னிக்கு இருக்கு."

திரும்பி வந்தார். வெள்ளையை வைத்தார்.
பாதி கிடைக்குமா என்றார்.
பாதியாக விற்பதில்லை நாங்கள்.
அது அவருக்கும் தெரியும்.
முழுதாகவே எடுத்துக்கொண்டார்.