கூலி

முதலில் ஈரல்.
வேகவைத்து, விரல்நுனி அளவுக்கு நறுக்கி,
இடுப்புப் பையில் இளஞ்சூடாக.
வாங்கிக்கொண்டாய்,
பிடிக்காத வீட்டில் காபியை
மரியாதைக்குக் குடிப்பவர் போல.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாய்.

அடுத்த வாரம் புகையூட்டிய பனிமான் கறி.
கிலோ என்ன விலை தெரியுமா, ஹல்லா?
அந்த மாதம் முழுக்க என் மதியச் சாப்பாடு
கம்பு ரொட்டியும் புளித்த வெள்ளரியும்.
பாலாடைக்கட்டி. சால்மன் தோல்.
ரப்பர் பந்து, கீச்சிடும் பந்து, கயிறு கட்டிய பந்து.
எறிந்தேன். போன திசையைப் பார்த்தாய்.
பிறகு என்னைப் பார்த்தாய்:
தொலைத்தது நீ, போய் எடுத்து வா.

பட்டினி போடு, தானாக வழிக்கு வரும்
என்றார் பயிற்சிக்கூடத்து யோர்மா.
ஒரு நாள் போட்டேன்.
நீ பசியோடு உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான்.
இரவு பத்து மணிக்குத் தோற்றுப்போய்
கிண்ணத்தை நிரப்பியது நான்.

பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள்.
ஒன்றில் மட்டும் சுவருக்குள் வளரும் பூஞ்சையின் வாடை.
அங்கே உன் மூச்சு ஒரு கணம் தயங்கும்.
பிறகு கடந்து போவாய்,
கடன் கொடுத்தவரைத் தெருவில் பார்த்தும்
பார்க்காதது போல் போகிறவர் மாதிரி.
மூக்கில் குறையில்லை.
சொன்னால் எனக்கென்ன கிடைக்கும் என்கிறாய்.
நியாயமான கேள்விதான்.
பத்தொன்பது வருடம் தபால் வண்டி ஓட்டியபோது
நான் கேட்காமல் விட்ட கேள்வி.

பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
வந்த பார்சலைக் காலால் உள்ளே தள்ளி
ஒட்டு நாடாவை இழுத்தேன்.
அந்தச் சர்ர்ர்...
மாடிப்படியில் நீ உருண்டு வந்தாய்.
காது இரண்டும் முன்னால்.
அந்த வால்!
இரண்டு வருடமாக உன்னோடு இருக்கிறேன்,
இப்படியொரு வால் உனக்கு இருப்பதே தெரியாது.

பெட்டிக்குள் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில்.
உனக்கு வேண்டியது பெட்டி.
மூலையைக் கடித்து, முன்காலால் அழுத்தி
இழுத்தாய்.
கிழிந்தது.
ஓசை அடங்கும்வரை தலை சாய்த்துக் கேட்டாய்.
மறுபடி இழுத்தாய்.
நான் கறிக்கடைப் பில்களை நினைத்து
தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

இப்போது உனக்காக ஊரே குப்பை சேர்க்கிறது.
நூலகத்து சைமி
கழிவறைக் காகிதச் சுருளின் உள்குழாய்களைப்
பை பையாகத் தருகிறாள்.
மூன்றாம் மாடி வெய்கோ முட்டை அட்டை தருகிறார்,
முட்டையே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தும்.

குப்பி முன் உட்கார்ந்தால் குழாய்.
மூன்றே நாளில் உட்கார்ந்தாய்.

மே மாதம், குவோப்பியோவுக்கு வெளியே
ஒரு குழந்தைகள் காப்பகம்.
குளிர்காலம் முழுக்க இருமிய பிள்ளைகள்.
கருவி வைத்து அளந்தவர்கள்
ஈரமில்லை என்று எழுதிக்கொடுத்த சுவர்கள்.
தூங்கும் அறையில், முயல் வரைந்த சுவரடியில்
நீ உட்கார்ந்தாய்.

நிச்சயமா? என்றார் பொறியாளர்.

குப்பியென்றால் விடை என் நோட்டில் இருக்கும்.
சுவருக்கு விடை சுவருக்குள்தான்.
நீ சும்மா உட்கார்ந்திருந்தால்
இப்போது நான் தருவது பொய்க்குக் கூலி.
நாளை முதல் எல்லாச் சுவருக்கும் உட்காருவாய்.
நிஜமென்றால், தராமல் விடுவது
அதைவிட மோசம்.
நீ என் கையைப் பார்க்கவில்லை.
முயலின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

குழாயை எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சுவரைப் பிரித்தார்கள்.
உள்ளே கம்பளிப் பஞ்சு கறுத்து, சொதசொதவென்று.
பொறியாளர் என் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.
நீ வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாய்,
மீசையில் ஒட்டிய அட்டைத் துணுக்கோடு.
உன் கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

கோட்டுப் பையில் இன்னொரு குழாய் மிச்சம்.
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்
மெல்லக் கிழித்துப் பார்த்தேன்.

மோசமில்லை, ஹல்லா.